தம்பியைச் சுமந்து பழகாத குரங்கு

எல்லோருக்கும் வணக்கம்.

2022-ல் சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பயணி ஒருவரின் பெட்டியைச் சுங்க அதிகாரிகள் திறந்தார்கள். உள்ளே ஒரு வெள்ளை முள்ளம்பன்றி. கூடவே உயிரோடு ஒரு டாமரின் குரங்கு. இரண்டையும் வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். செய்தி அதோடு முடிந்தது. எனக்கு மட்டும் அந்தக் குரங்கு மனதை விட்டுப் போகவில்லை.

டாமரின் தென் அமெரிக்கக் காட்டுக் குரங்கு. அணிலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதில் பல இனங்கள் உண்டு. கொலம்பியாவின் வடமேற்கில் மட்டும் வாழும் பஞ்சுத்தலை டாமரினைப் பற்றி முதலில் சொல்கிறேன். எடை அரை கிலோகூடத் தேறாது. உச்சந்தலையில் வெள்ளைப் பஞ்சை ஒட்டியதுபோல முடி.

இது பெரும்பாலும் இரட்டைக் குட்டிகள் போடும். அந்தச் சின்ன உடம்புக்கு இரண்டு குட்டி பெரிய பாரம். தாய் ஒருத்தியால் ஆகாது. அதனால் அப்பா சுமப்பார், அண்ணன்மார் சுமப்பார்கள், அக்காமார் சுமப்பார்கள். பால் குடிக்கும் நேரத்துக்குக் குட்டி அம்மாவிடம் போகும், அப்புறம் வேறொருவர் முதுகுக்கு மாறும். நம் வீடுகளில் அக்கா இடுப்பில் தம்பி உட்கார்ந்திருப்பானே, அதே காட்சிதான். இப்படித் தம்பி தங்கையைச் சுமந்து பழகாமல் கூண்டில் வளர்ந்த டாமரின், பின்னால் தனக்கே குட்டி பிறக்கும்போது அதை வளர்க்கத் தெரியாமல் தவிக்கிறது. சில சமயம் குட்டியைக் கைவிட்டுவிடுகிறது. சில சமயம் கடித்தும் விடுகிறது. பிள்ளை வளர்ப்பதை இந்தக் குரங்கு வீட்டில்தான் கற்றுக்கொள்கிறது. அந்த வீட்டிலிருந்துதான் நாம் அதைப் பிடித்து வருகிறோம்.

1960-களின் கடைசியிலும் 70-களின் தொடக்கத்திலும் இருபதாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் வரை பஞ்சுத்தலை டாமரின்கள் மருத்துவ ஆராய்ச்சிக்கென்று அமெரிக்காவுக்குப் போயின. கூண்டில் இருந்தவற்றுக்குக் குடல் அழற்சியும் பெருங்குடல் புற்றுநோயும் வந்தன. மனிதருக்கு வரும் நோயைப் போலவே இருக்கிறதென்று அதையும் ஆராய்ந்தார்கள். 1974-ல் கொலம்பியா ஏற்றுமதியைத் தடை செய்தது. அதற்குள் காடும் மாட்டுப் பண்ணையாக மாறிக்கொண்டிருந்தது. இன்று அந்தக் காட்டில் மிஞ்சியிருப்பவை ஏறத்தாழ ஏழாயிரம் என்பது மதிப்பீடு. ஏற்றி அனுப்பிய கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்!

பிடித்ததைத் திரும்ப விட்டால் சரியாகிவிடாதா? பிரேசிலில் அதைச் செய்து பார்த்தார்கள். அங்கே தங்கச் சிங்க டாமரின் என்று செம்பொன் நிறத்தில் ஓர் இனம். 70-களின் தொடக்கத்தில் காட்டில் இருநூறு அளவில்தான் இருந்தன. 1984 முதல் விலங்குக்காட்சிச் சாலைகளில் பிறந்தவற்றைக் காட்டில் விட்டார்கள். கிண்ணத்தில் நறுக்கி வைத்த பழம் தின்று வளர்ந்தவை அவை. ஆடும் கிளையில் கால் ஊன்றத் தெரியவில்லை. இரை தேடத் தெரியவில்லை. நிறைய செத்துப்போயின. பிழைத்தவை காட்டில் போட்ட குட்டிகள்தான் நன்றாகத் தேறின. காட்டை மீட்டு, காடுகளை ஒன்றோடொன்று இணைத்து, இடையில் வந்த மஞ்சள் காய்ச்சலையும் தாண்டி, 2023 கணக்கெடுப்பில் 4,800 ஆகியிருக்கின்றன. இதற்கு ஐம்பது ஆண்டு பிடித்தது. எத்தனையோ பேரின் வாழ்நாள் உழைப்பு அது.

"வீட்டில் அன்பாக வளர்த்தால் என்ன தவறு?" என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். கேட்பவர்கள் நல்லவர்கள்தான். கைப்பேசியில் சட்டை போட்ட குட்டிக் குரங்கு பால்புட்டி பிடித்துக் குடிப்பதைப் பார்த்து மனம் இளகியவர்கள். அடுத்த முறை அந்தக் காட்சி வந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்தக் குட்டி யார் முதுகில் இருந்திருக்க வேண்டும்? அந்த அப்பனும் அண்ணனும் இப்போது எங்கே?

சென்னையில் பிடிபட்ட குரங்கைத் திருப்பி அனுப்பினார்கள் என்றேன் இல்லையா, பாங்காக்குக்கு அனுப்பினார்கள். டாமரினின் காடு அங்கேயும் இல்லை. பசிபிக் கடலைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிறது.