டுஷேன் நோய்: கோளாறு தசை நாரோட நிக்கல

[திரையில்: ஒரு சிறுவன் தரையிலிருந்து எழுந்திருக்கிறான்]

இந்தப் பையனுக்கு நாலு வயசு. எப்படி எழுந்திருக்கிறான்னு கவனிங்க. முதல்ல குப்புறத் திரும்புறான். ரெண்டு கையையும் தரையில ஊன்றி இடுப்பைத் தூக்குறான். அப்புறம் ஒரு கை முழங்கால்ல, இன்னொரு கை தொடையில. தன் கால் மேலேயே கையால ஏறித்தான் அவனால நிமிர முடியுது. இடுப்பு, தொடைத் தசைகள்ல பலம் இல்ல. டாக்டர்கள் இதை ‘கவர்ஸ் அறிகுறி’ன்னு சொல்வாங்க. டுஷேன் தசைச்சிதைவு நோயைச் சந்தேகிக்க வைக்கிற முக்கியமான அடையாளம் இது.

கிட்டத்தட்ட 5,000 ஆண் குழந்தைகள்ல ஒருத்தருக்கு இந்த நோய் வருது. கோளாறான மரபணு எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, பையன்களுக்கு அது ஒண்ணுதான் இருக்கிறதால பெரும்பாலும் பையன்களைத்தான் பாதிக்குது. பன்னிரண்டு வயசை ஒட்டி நிறையப் பேருக்கு சக்கர நாற்காலி தேவைப்படும். பிறகு மூச்சும் இதயமும் பாதிக்கப்படும்.

1987-ல அமெரிக்காவுல லூயிஸ் கங்கெல் குழு, இந்தப் பிள்ளைகள்கிட்ட இல்லாத புரதத்தைக் கண்டுபிடிச்சாங்க. அதோட பேர் டிஸ்ட்ரோபின். தசை நாரோட உறைக்கு உள்பக்கம் இருந்து உறையைத் தாங்குற புரதம் அது. அது இல்லன்னா, தசை சுருங்கி விரியும்போதெல்லாம் உறை கிழியும், கால்சியம் உள்ளே புகும், நார் செத்துப்போகும்.

சரி, நார் செத்தா புதுசா வளரணுமே? அதுக்குன்னே ஒரு ஸ்டெம் செல், அதாவது புது செல்களை உண்டாக்குற மூல செல், இருக்கு. 1961-ல அலெக்சாண்டர் மவ்ரோ எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புல தவளைத் தசையைப் பார்த்தப்போ, நாருக்கும் அதைச் சுத்தின மெல்லிய படலத்துக்கும் நடுவுல ஒட்டிக்கிட்டிருந்த சின்ன செல்லைப் பார்த்தார். சாட்டிலைட் செல்னு பேர் வெச்சார். காயம் பட்டா அது விழிச்சுப் பிரிஞ்சு, புது நாரை உண்டாக்கும்.

[திரையில்: ஒரு செல் இரண்டாகப் பிரிகிறது, இரண்டுக்கும் வேறு வேறு நிறம்]

கனடாவுல ஒட்டாவா நகரத்துல மைக்கேல் ருட்னிக்கி பல வருஷமா இந்த செல்லைத்தான் ஆராயறார். அது பிரியுற விதத்தை நம்ம விதைநெல்லோட ஒப்பிடலாம். எல்லா நெல்லையும் சோறாக்கிட்டா அடுத்த போகத்துக்கு விதை இருக்காது. எல்லாத்தையும் விதைக்குன்னு கட்டி வெச்சா வீட்டுல சோறு இருக்காது. அதனால இந்த செல் பிரியும்போது ஒண்ணு ஸ்டெம் செல்லாவே தங்கிடும், இன்னொண்ணு தசையாகப் போகும்.

டிஸ்ட்ரோபின் வளர்ந்த நார்ல மட்டும்தான் இருக்குன்னு எல்லாரும் நம்பிக்கிட்டிருந்தாங்க. 2015-ல ருட்னிக்கி குழு, அது இந்த ஸ்டெம் செல்லுக்குள்ளேயும் இருக்குன்னு காட்டினாங்க. செல்லோட ஒரு பக்கத்துல அது நின்னு மார்க்2-ங்கிற புரதத்தைப் பிடிச்சுக்குது. அதனால பார்டி3-ங்கிற இன்னொரு புரதம் எதிர்ப்பக்கம் ஒதுங்குது. எந்தப் பக்கம் விதை, எந்தப் பக்கம் தசைன்னு செல்லுக்குத் தெரியுறது இப்படித்தான்.

டிஸ்ட்ரோபின் இல்லாத எலிகள்ல அந்தத் திசையே குழம்பிப்போகுது. ஸ்டெம் செல்கள் இருக்கு, ஆனா தசையாகப் போற செல்கள் குறைஞ்சுடுது. திரும்பத் திரும்ப ரிப்பேர் பண்ணிப் பண்ணியே செல்கள் தீர்ந்துபோகுதுங்கிறதுதான் பழைய விளக்கம். கோளாறு அந்த செல்லுக்குள்ளேயே இருக்குன்னு இந்த ஆய்வு காட்டினது எனக்கு ரொம்பப் பெரிய திருப்பமா படுது.

ஏன்னா சிகிச்சைக்கும் இதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. 2023-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச மரபணு சிகிச்சை, சுருக்கின டிஸ்ட்ரோபின் மரபணுவை வைரஸ் மூலமா முக்கியமா தசை நாருக்குள்ள கொண்டுபோகுது. ஆனா ஸ்டெம் செல் சரியாகலன்னா, நாளைக்கு அதிலிருந்து முளைக்கிற நாரிலயும் அதே குறை இருக்கும். அதனால ஸ்டெம் செல்லையே எட்டணும். ருட்னிக்கி குழு டபிள்யூஎன்டி7ஏ-ங்கிற புரதத்தைக் கொடுத்து, நோயுள்ள எலிகள்ல தசை பலம் கூடுறதைப் பார்த்திருக்காங்க.

இப்போ பெற்றோருக்கு ஒரு வார்த்தை. “பையனோட எலும்பு மஜ்ஜையிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்து ஊசி போடுறோம்”னு யாராவது லட்சக்கணக்குல கேட்டா, தயவுசெஞ்சு நகையையோ நிலத்தையோ அடகு வெச்சுடாதீங்க. அது தசை ஸ்டெம் செல் கிடையாது. அதோட அவனோட ஒவ்வொரு செல்லிலயும் அதே மரபணுக் கோளாறு இருக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐசிஎம்ஆர், கொடுத்த வழிகாட்டுதல்படி இந்த நோய்க்கு ஸ்டெம் செல்லைப் பயன்படுத்துறதுன்னா, முறையா அனுமதி வாங்கின ஆய்வுக்குள்ள மட்டும்தான் முடியும். அதுக்குக் காசு வாங்கவும் கூடாது.

பையன் அடிக்கடி விழுந்தா, மாடிப்படி ஏறச் சிரமப்பட்டா, கெண்டைக்கால் மட்டும் பருத்திருந்தா, குழந்தை நல டாக்டர்கிட்ட சிபிகே ரத்தப் பரிசோதனை கேளுங்க. தசை சிதையும்போது ரத்தத்துல கசியுற ஒரு நொதியோட அளவு அது. அதுல அளவு ரொம்ப அதிகமா இருந்தா மரபணுப் பரிசோதனை. கோளாறான எக்ஸ் குரோமோசோம் அம்மாகிட்டேயிருந்து வந்திருக்கலாம், அதனால அம்மாவுக்கும் சேர்த்துப் பண்ணிடுங்க.