ஒத்திகை அறையில் விளைந்த இசை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இசைக் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் மூத்த வயலின் ஆசிரியர்களே, வில்லும் கையுமாக வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். பேச அழைத்த செயலாளர் அவர்களுக்குத் தனி நன்றி.

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸின் நடை, அவருடைய ஒத்திகை முறை, அவருடைய ஓபராக்கள் எனும் இசை நாடகங்கள் என மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். மினிமலிச இசையின் இலக்கணமே அதுதான். சின்னஞ்சிறு துணுக்கு திரும்பத் திரும்ப வந்து, மெல்ல மெல்ல மாறும். ஆடம்ஸ் அந்தத் துடிப்பை விடவில்லை. ஆனால் அவரிடம் சுரக்கூட்டுகள் சட்டென நிறம் மாறும், ஒலி திரண்டு உச்சம் தொடும். அதனால்தான் அவரைப் பின்-மினிமலிசத்தில் சேர்க்கிறோம்.

1947இல் மாசசூசெட்ஸில் பிறந்தார்; ஹார்வர்டில் படித்தார்; 1971இல் கலிபோர்னியா போய், சான் பிரான்சிஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் ஆசிரியரானார். 1978இல் நால்வர் தந்திக் குழுவுக்கு 'வேவ்மேக்கர்' எழுதினார். மேடையில் அது எடுபடவில்லை. என்ன செய்தார் தெரியுமா? அதை மாணவர்களிடம் கொண்டுபோனார்! நால்வர் எழுவரானார்கள்: மூன்று வயலின், ஒரு வியோலா, இரண்டு செல்லோ, ஒரு டபுள் பாஸ். திரும்பத் திரும்ப வாசிக்க ஆளுக்கொரு துணுக்கு, அதாவது ஒரு சுற்று; சுற்றுக்கொரு நீளம். ஒருவருக்கு 5 தாள அடி, இன்னொருவருக்கு 7 அடி என்று வையுங்கள். 35 அடி கடந்தால்தான் இருவரும் மீண்டும் ஒன்றாகத் தொடங்குவார்கள். நடுவில் ஒருவர் ஓர் அடி தவறவிட்டால், தவறியது எங்கே என்று காதால் பிடிப்பது கடினம். எனவே அடுத்த சுற்றுக்கு எப்போது போவது என்பதை நடத்துநர் கைகாட்டுவார். இன்னொரு தொல்லை: இடைவிடாமல் வில்லை நடுக்கினால் முன்கை இறுகும், கை இறுகினால் வில் அழுந்தும், வில் அழுந்தினால் துடிப்பு பின்தங்கும். காகிதத்தில் இதெல்லாம் தெரியுமா, ஐயா? ஒத்திகைக்கு ஒத்திகை மாற்றி மாற்றிச் செதுக்கி, அதே ஆண்டு டிசம்பரில் 'ஷேக்கர் லூப்ஸ்' அரங்கேறியது. எறும்பு ஊரக் கல்லும் தேயும்! 1983இல் அதைத் தந்தி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு விரித்தபோது, சுற்றுகளை முழுவதுமாக எழுதியே கொடுத்துவிட்டார்.

ஓபரா என்றால் 1987இல் ஹூஸ்டனில் அரங்கேறிய 'நிக்சன் இன் சைனா'வில் தொடங்க வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். என் கோரிக்கைக்கு வருகிறேன்.

சான் பிரான்சிஸ்கோ சிம்பொனி என்ற இசைக்குழு 1982 முதல் 1985 வரை ஆடம்ஸைத் தன் இசையமைப்பாளராகவே வைத்துக்கொண்டது. அந்தக் கூட்டுறவில் விளைந்ததுதான் 1985இல் எடோ டி வார்ட் நடத்திய 'ஹார்மோனிலேரே' என்ற ஆர்க்கெஸ்ட்ராப் படைப்பு. ஆகவே இசைக்குழுப் பொறுப்பாளர்களே, வாரத்தில் ஓர் ஒத்திகையின் கடைசி அரை மணி நேரத்தை, இன்னும் எழுதி முடியாத ஒரு புதிய படைப்புக்குக் கொடுங்கள். ஏழு கலைஞர்கள், ஒரு நடத்துநர், திருத்த இடம்விட்டு எழுதிய இசைத்தாள் போதும். எழுதியவர் அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கட்டும். இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள்.