ஹாஸைக் காப்பாற்றியது ஹாஸ்காரர்கள்தான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

இங்கிலாந்தின் சின்னச் சந்தை ஊர்களில் பாரம்பரியத்தைக் காப்பது சுற்றுலாப் பயணிகளா, ஊர்மக்களா? பயணிகளின் பணம் இல்லையென்றால் அந்த ஊர்களை என்றோ இழுத்து மூடியிருப்பார்கள் என்று எதிரணித் தலைவர் அடித்துச் சொன்னார். சரி, வடக்கு யார்க்‌ஷயரின் ஹாஸ் ஊரையே எடுத்துக்கொள்வோம். வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை சந்தை கூடும். ஊரைத் தெரியாதவர்களுக்கும் வென்ஸ்லிடேல் சீஸைத் தெரியும்.

1992-ல் அந்தச் சீஸ் ஆலையை, அப்போது அதை வைத்திருந்த பெரிய நிறுவனம் மூடியது. 59 பேருக்கு வேலை போனது. உற்பத்தியை எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? லங்காஷயருக்கு! தலைமுறை தலைமுறையாக யார்க்‌ஷயருக்குப் போட்டியான பக்கத்து மாவட்டத்துக்கு! அன்றைக்கும் ஹாஸுக்குப் பயணிகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஆலையை வாங்கி மீட்டது அங்கே மேலாளர்களாக வேலை பார்த்தவர்களும் உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவரும்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் மறுபடி சீஸ் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். இது முதல் முறையும் அல்ல. 1930களில் ஆலை கடனில் மூழ்கியபோது, கிட் கால்வர்ட் என்ற ஊர்க்காரர் கூட்டம் கூட்டி, ஆதரவு திரட்டி, 1935-ல் அதைக் கரையேற்றினார்.

'இன்று ஆலை கனடா நிறுவனத்தின் கையில்தானே?' என்பார்கள். 2021-ல் கைமாறியது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே, 2013-ல், 'யார்க்‌ஷயர் வென்ஸ்லிடேல்' என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு வாங்கிவிட்டார்கள். இனி யார் முதலாளியானாலும், அந்தப் பெயரில் விற்க வேண்டுமென்றால் வென்ஸ்லிடேலில்தான் செய்தாக வேண்டும்!

அப்புறம், பழைய ரயில் நிலையத்தில் இருக்கிற அருங்காட்சியகம். பயணிகள் விரும்பிப் பார்க்கும் இடம், மறுக்கவில்லை. அதற்கு அடித்தளமான பொருட்களைச் சேர்த்தவர்கள், பக்கத்து ஊரான ஆஸ்க்ரிக்கில் வாழ்ந்த மேரி ஹார்ட்லி, ஜோன் இங்கில்பி என்ற இரு பெண்கள். அந்தச் சேகரிப்பில் இடுப்பு வாரில் செருகிக்கொள்ளும் சின்ன மரக்குச்சிகள் உண்டு. குச்சியின் நுனித் துளையில் பின்னலூசியை நிறுத்திவிட்டால் அது ஆடாது, நடந்துகொண்டே பின்னலாம். காலுறை பின்னிப் பிழைத்த குடும்பங்களின் கருவி அது. அடுப்புக்குப் போகவிருந்த குச்சியைப் பொக்கிஷம் என்று கண்டுகொள்ள, அங்கேயே வாழ்கிற கண் வேண்டாமா?

இன்றைக்கும் அந்தப் பள்ளத்தாக்கின் சிற்றூர்களை இணைக்கும் குட்டி வெள்ளைப் பேருந்துகளை நடத்துவது ஊர்மக்களின் அமைப்பு. தன்னார்வலர்களும் ஓட்டுநர்களாக உட்காருகிறார்கள். சந்தைக்கும் மருத்துவரிடமும் போக வேண்டிய முதியவர்கள் நம்பியிருப்பது அவர்களைத்தான். தீர்ப்பை ஊர்மக்கள் பக்கம் தாருங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.