வாரம் ஒரு பென்னி: மெதடிச இயக்கம் எளியோரிடம் வேரூன்றிய வரலாறு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தில் எழுந்த கிறிஸ்தவ மறுமலர்ச்சி இயக்கமான மெதடிசத்தின் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில், அதன் நிறுவனரான குரு ஜான் வெஸ்லிக்கு ஏற்பட்ட மனமாற்றத்திலிருந்து தொடங்குவார்கள். அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால், ஒருவரின் மனமாற்றம் ஒரு நாட்டின் உழைக்கும் மக்களை எவ்வாறு அசைத்தது என்பதை அறிய, பிரிஸ்டல் நகரை ஒட்டிய கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கங்களுக்குத்தான் நாம் போக வேண்டும்.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சுரங்கங்களையும் பட்டறைகளையும் சுற்றி மக்கள் குவிந்துகொண்டிருக்க, திருச்சபைப் பங்குகளின் (ஓர் ஆலயத்தின் பொறுப்பிலுள்ள பகுதிகளின்) எல்லைகளோ பழைய உழவர் கிராமங்களுக்கு வகுக்கப்பட்டபடியே கிடந்தன. புதுப் பங்கு ஒன்றை அமைக்க நாடாளுமன்றச் சட்டம் தேவைப்பட்டது. எவரும் தேடிப்போகாத அந்தச் சுரங்கத் தொழிலாளர்களிடம் 1739 பிப்ரவரியில் வெஸ்லியின் நண்பரான குரு ஜார்ஜ் விட்ஃபீல்ட் சென்று திறந்தவெளியில் பிரசங்கித்தார். கரி படிந்த கன்னங்களில் கண்ணீர் வெண்கோடுகளாக இறங்கியதை அவர் எழுதிவைத்திருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று குருத்துவ ஒழுங்கில் ஊறிய வெஸ்லிக்கு, ஆலயத்துக்கு வெளியே பிரசங்கிப்பது முறையற்றதாகவே பட்டது; இருந்தும், அதே ஆண்டு ஏப்ரல் 2 அன்று அவரும் வெட்டவெளியில் நின்று பேசினார்.

பிரசங்கம் கூட்டத்தைச் சேர்த்தது. சேர்ந்த கூட்டத்தைக் கலையாமல் காத்தது வேறொன்று. பிரிஸ்டலில் கட்டிய கூடத்தின் கடனை அடைக்க 1742இல் உறுப்பினர்கள் கூடியபோது, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி (சிறு நாணயம்) கொடுப்போம் என்றார் ஒருவர். பலருக்கு அதற்கும் வழியில்லை என்று மறுப்பு எழுந்தது. யோசனை சொன்னவரோ, ‘அப்படியானால் மிக ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள். வாரந்தோறும் அவர்களைப் போய்ப் பார்க்கிறேன். அவர்களால் இயலாததை நானே செலுத்துகிறேன்’ என்றார். பென்னி வாங்கப் போனவர்கள் அந்த வீடுகளில் நோயையும் குடியையும் சச்சரவையும் கண்டார்கள். ஆறுதல் சொன்னார்கள், கண்டித்தார்கள், சேர்ந்து ஜெபித்தார்கள். கடனுக்காகப் பிறந்த அந்த ஏற்பாடே ‘வகுப்பு’ என்னும் அமைப்பானது.

என் கருத்தில் மெதடிசத்தின் சமூக வலிமை முழுவதும் இந்த வகுப்பிலேயே இருக்கிறது. நெசவாளியும் செருப்புத் தைப்பவரும் வேலைக்காரப் பெண்ணும் அங்கே தம் வாழ்க்கையைத் தம் வாயால் பேசப் பழகினார்கள். கணக்கு எழுதினார்கள், கூட்டம் நடத்தினார்கள், பெண்களும் வகுப்புத் தலைவர்களானார்கள். 1791இல் வெஸ்லி மறைந்தபோது பிரிட்டிஷ் தீவுகளில் உறுப்பினர்கள் 70,000க்கும் மேல்.

அவருக்குப் பின் தலைமை அச்சம் கொண்டது. பிரெஞ்சுப் புரட்சியின் நிழலில், தாங்கள் அரசுக்கு விசுவாசமானவர்கள் என்று காட்டிக்கொள்ளத் தலைவர்கள் விரும்பினார்கள். பெண்கள் அனுமதி பெற்றுப் பெண்களுக்கு மட்டுமே பிரசங்கிக்கலாம் என்று 1803இல் கூடிய மெதடிச மாநாடு விதித்தது. இதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1807இல் மௌ காப் குன்றில் நடந்த திறந்தவெளிக் கூட்டத்தைத் தலைமை ஏற்க மறுத்ததன் விளைவாகப் பிரிமிட்டிவ் மெதடிஸ்ட் சபை தனியே பிரிந்து, சுரங்க ஊர்களிலும் பண்ணைக் கூலிகளிடையேயும் பரவியது.

மெதடிசம்தான் இங்கிலாந்தைப் புரட்சியிலிருந்து காத்தது என்ற வாதம் பின்னாளில் எழுந்தது. தலைமையின் அறிக்கைகளை மட்டும் பார்த்தால் அது சரியாகவே தோன்றும். டார்செட் மாவட்டத்தின் டால்படில் கிராமத்தைப் பார்த்தால் தோன்றாது. வாரக் கூலி ஏழு ஷில்லிங்கிலிருந்து ஆறாகக் குறையவிருந்த நிலையில் சங்கம் சேர்ந்த ஆறு பண்ணைத் தொழிலாளர்கள், இரகசியப் பிரமாணம் எடுத்த குற்றத்துக்காக 1834இல் ஏழாண்டு நாடுகடத்தப்பட்டார்கள். அவர்களின் தலைவர் ஜார்ஜ் லவ்லெஸ் ஒரு மெதடிச உள்ளூர்ப் பிரசங்கியார். பொதுமக்களின் கிளர்ச்சியால் 1836இல் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. வாக்குரிமை கேட்டு எழுந்த சார்ட்டிஸ்டுகளும் உறுப்பினர்களை வகுப்புகளாகப் பிரித்து வாரம் ஒரு பென்னி திரட்டினார்கள்.

இந்த இயக்கம் 1814இல் இலங்கைக்கும் வந்தது. ஜேம்ஸ் லிஞ்சும் தாமஸ் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம் சேர்ந்தார்கள். அங்கே மெதடிசப் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியராகி, பீட்டர் பெர்சிவல் பாதிரியாருடன் வேதாகமத் தமிழாக்கத்தில் உழைத்தவர் ஆறுமுக நாவலர். எளிய மக்களை ஒருங்கே அமர்த்தி, ஒரு பொருளை எடுத்து விளக்கிப் பேசும் முறையை அருகிலிருந்து கண்ட அவர், 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கி வெள்ளிக்கிழமைதோறும் தொடர்ந்தார். மிஷனரிகளின் முறையே, அவர்களின் சமயப் பரப்புரைக்கு விடையளிக்கும் சைவத்தின் கருவியாயிற்று.