வாயில் அடக்கிய புகையிலையும் வில்லுப்பாட்டும்

மும்பைவாழ் தமிழ் நேயர்களுக்கு வணக்கம்.

புகைபிடிக்கும் காட்சி உள்ள படங்களுக்கு முன்னும் இடைவேளைக்குப் பின்னும் திரையரங்குகளில் வரும் எச்சரிக்கைப் படங்களை நாம் அறிவோம். நுரையீரலைப் பஞ்சாகக் காட்டி, அதைப் பிழிந்து கறுப்புத் தார் வடியவிட்ட விளம்பரம் பலர் நினைவில் பதிந்திருக்கிறது. ஆனால், 2016-17இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் புகைக்கும் பெரியவர்கள் 10.7 விழுக்காடு; மெல்லுதல் முதலான புகையில்லாப் பழக்கம் உடையவர்களோ 21.4 விழுக்காடு. பஞ்சு நுரையீரலைப் பார்க்கும் மாவாக்காரர், அதாவது பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்து மெல்பவர், அது பீடி குடிப்பவருக்கான செய்தி என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்.

மகாராஷ்டிரத்தில் 2012இல் குட்கா தடை செய்யப்பட்ட பிறகும், பான் மசாலா ஒரு பொட்டலமாகவும் புகையிலை வேறொரு பொட்டலமாகவும் விற்கப்பட, வாங்குபவர் உள்ளங்கையில் இரண்டையும் கலந்துகொள்கிறார். பான் மசாலாவின் அதே வணிகப் பெயரில் ஏலக்காய்க்கு விளம்பரம் செய்து நடிகர்கள் சிரிப்பது தனிக்கதை.

தாராவியில் குடியேறிய தமிழர்களில் பெரும்பகுதியினர் திருநெல்வேலிப் பக்கத்தவர். வில்லுப்பாட்டின் வில்லும் குடமும் உடுக்கையும் அவர்கள் ஊர்க் கோயில் கொடை விழாக்களில் கேட்டு வளர்ந்தவை. முதன்மைப் பாடகரான புலவர் சொல்வதற்கெல்லாம் “ஆமா” போடும் பின்பாட்டுக்காரர் குறுக்குக் கேள்வியும் கேட்பார் என்பதால், அறிவுரை என்ற வாடையே இல்லாமல் செய்தியைச் சொல்ல இந்தக் கலைக்கு முடியும். இங்குள்ள பெண்களிடையே பரவலான மிஸ்ரியை, அதாவது வறுத்துப் பொடித்த புகையிலையை, மேடையில் இப்படிக் கொண்டுவரலாம்:

“எங்க வீட்டுக்காரி போயிலை தொடமாட்டா அண்ணாச்சி. மிஸ்ரிதான் தேய்ப்பா, அது பல்பொடி.”

“பல்பொடிய ஒருநாள் விட்டா தலை வலிக்குமா வே?”

கூட்டம் சிரிக்கும், சிரித்தவர்களில் சிலர் தம் வீட்டை நினைத்துக்கொள்வார்கள்.

அழுகிய தாடையின் படம் முதல் பார்வையில் அதிரவைக்கும், பத்தாவது பார்வையில் பழகிவிடும் என்பது என் எண்ணம். ஆகவே, அச்சமூட்டுவதோடு நில்லாமல், பார்ப்பவர் அங்கேயே செய்துபார்க்க ஏதேனும் ஒன்றைக் கலைஞர் தர வேண்டும். மூன்று விரல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே நுழைத்துப் பார்க்கும்படி புலவர் சொல்லலாம். பாக்கும் குட்காவும் மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். விரல்கள் நுழையாவிட்டால் மருத்துவரிடம் வாயைக் காட்ட வேண்டும். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் ஆகியவற்றையும் பாட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

பொட்டலங்களிலேயே அச்சிடப்பட்டும் யாரும் படிக்காத ஓர் எண்ணைப் பின்பாட்டுக்காரர் இரண்டு முறை பாடிவிட்டு வில்லை இறக்கட்டும். பழக்கத்தை விட விரும்புவோருக்கான அந்தக் கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி எண் 1800-11-2356.