லாங் கோவிட்: ஸ்டெம் செல் பரிசோதனை எங்கே சிக்குகிறது?

[காட்சி: விடிவதற்கு முன், குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம், நெற்றி விளக்குகள்]

அதிகாலை பால் வெட்டப் போனால் அன்று ஒன்றும் தெரிவதில்லை. மறுநாள் படுக்கையை விட்டு எழ முடிவதில்லை. நெஞ்சு படபடக்கிறது, பெயர்கள் மறக்கின்றன. எடுத்த ரிப்போர்ட் எல்லாமே ‘நார்மல்’. லாங் கோவிட் இப்படித்தான் வாட்டும். தொற்று தொடங்கி சுமார் 3 மாதம் ஆகியும் தொடர்கிற, குறைந்தது 2 மாதம் நீடிக்கிற, வேறு நோயால் விளக்க முடியாத தொல்லைகள் என்று 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. ஆனால் இதை உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனை இன்னும் கிடையாது.

பல வகை செல்லாக வளரக்கூடிய மூல செல்தான் ஸ்டெம் செல். அதை வைத்து அப்படி ஒரு பரிசோதனையை உருவாக்கலாமா?

[காட்சி: ரத்தக் குழாய், பிறகு செல் கூட்டங்கள்]

முதலில் தோன்றும் வழி: நோயாளியின் ரத்த செல்லையே ஸ்டெம் செல்லாக மாற்றுவது. நான்கு மரபணுக்களால் இது முடியும் என்று ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யாமனாக்கா 2006-இல் எலியிலும், 2007-இல் மனித செல்லிலும் காட்டினார். செல் கூட்டங்கள் தெரியவே சுமார் 3 வாரம் ஆகும். பிறகு பலமுறை வளர்த்துப் பிரிக்க வேண்டும், குரோமோசோம் சரிபார்க்க வேண்டும், மைக்கோபிளாஸ்மா கிருமி இல்லையென்று பார்க்க வேண்டும். மாதங்கள் ஓடிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், இந்த மாற்றத்தில் செல் தன் பழைய அடையாளத்தில் பெரும்பகுதியைத் துறந்துவிடுகிறது. மரபணு மிஞ்சும், கோவிட் விட்டுப்போன தடம் பெரும்பாலும் அழிந்துவிடும். யாருக்கு நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று ஆராய இந்த வழி உதவலாம். இவருக்கு நோய் இருக்கிறதா என்று சொல்ல உதவாது.

அதனால் திருப்பிப் போட வேண்டும். ஆரோக்கியமான ஒருவரின் ஸ்டெம் செல்லிலிருந்து இதயத் தசை செல்களை வளர்க்கிறோம். 10 நாள் வாக்கில் அவை தாமாகத் துடிக்கும். மின்முனைகள் பதித்த தட்டில் பரப்பி, நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, 10 சதவீதம் அளவில் கலந்து, 24 மணி நேரம் துடிப்பைப் பதிவு செய்கிறோம். நோய்த்தடம் சீரத்தில் இருந்தால் செல் காட்டிக்கொடுக்க வேண்டும்.

[திரையில்: ஊதா மூடி, சிவப்பு மூடி]

இந்தச் சோதனை ரத்தம் எடுக்கும் இடத்திலேயே கெட்டுவிடலாம். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கால்சியம் இல்லாமல் இதய செல் துடிக்காது. சிவப்பு மூடிக் குழாய்தான் வேண்டும். அறை வெப்பத்தில் 30 முதல் 60 நிமிடம் உறையவிட்டு, சுழற்றி, சீரத்தை நாகர்கோவிலிலேயே பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் ஐஸில் வைத்து ஆய்வகத்துக்குத் திருவனந்தபுரம் வரை சுமார் 70 கிலோமீட்டர் கொண்டுபோனால், சிவப்பணுவிலிருந்து பொட்டாசியம் கசியும். அதுவே துடிப்பை மாற்றிவிடும்.

அடுத்தது மாத்திரை. படபடப்புக்கு ப்ரோப்ரனலால் சாப்பிடுபவரின் சீரத்திலும் அந்த மருந்து இருக்கும். செல் மெதுவாகத் துடித்தால் நாம் கண்டுபிடித்தது மாத்திரையை, நோயை அல்ல! ஒப்பீட்டுக்கும் கோவிட் வந்து முழுக்கக் குணமானவர்கள் தேவை. வேறு காரணத்தால் நீண்ட சோர்வுள்ளவர்களும் தேவை. எல்லாருடைய சீரமும் ஒரே தட்டில், தனித்தனிக் குழிகளில், வரிசை மாற்றி இருக்க வேண்டும், எது யாருடையது என்று அளப்பவருக்குத் தெரியக் கூடாது.

[திரையில்: 1000 பேர்]

ஒரு கணக்கு. 1000 பேரில் 50 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோயுள்ளவர், இல்லாதவர் இருசாராரிலும் 90 சதவீதம் சரியாகச் சொல்லும் சோதனை, 45 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 95 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். பாசிட்டிவ் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் உண்மையில் நோய். ஆய்வகத்தில் அழகாகத் தெரிந்தது ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனை ஓ.பி.யில் பயன்படாமல் போக இது போதும்.

இன்று செய்ய முடிவது: ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை பாருங்கள். 5 நிமிடம் படுத்திருந்து நாடித்துடிப்பை எண்ணுங்கள். பிறகு எழுந்து, பக்கத்தில் துணைக்கு ஒருவர் இருக்க, 10 நிமிடம் நின்று நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணுங்கள். தலை சுற்றினால் உடனே உட்காருங்கள். பெரியவர்களுக்குத் துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடி, குறையாமல் அப்படியே இருந்தால், அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டி, நிற்கும்போது ரத்த அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.