மழை நாளில் தனியா காஞ்சிபுரம்: ரயிலில் போய்ட்டு வரலாமா?

சரி, அடுத்த கேள்வி. தாம்பரத்துலேர்ந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. கொஞ்சம் நீளம், சுருக்கிப் படிக்கிறேன். "அக்கா, எனக்கு நவம்பர்லதான் ஒருநாள் லீவு கிடைக்குது. தனியா ரயில்ல காஞ்சிபுரம் போய் பல்லவர் கோயில்களைப் பார்த்துட்டு அன்னைக்கே திரும்பணும். மழையில போய் என்னத்தப் பாக்கப் போற, கோடையில எல்லாருமா கார்ல போகலாம்னு வீட்ல சொல்றாங்க. போகலாமா, வேணாமா? குடை எடுத்துக்கவா, ரெயின்கோட்டா?"

தாராளமாப் போங்க. கோடையில போகலாம்னு சொல்றவங்க ஏப்ரல், மே மாசத்துல கைலாசநாதர் கோயில் பிராகாரத்துல மத்தியானம் பதினொரு மணிக்கு வெறுங்காலோட நின்னு பார்த்திருக்க மாட்டாங்க. அந்தக் கல்லு சூட்டுல எங்க சிற்பம் பாக்கறது? நிழலைத் தேடி ஓடறதுலயே பாதி நேரம் போயிடும். கார்த்திகை மழையில அந்தத் தொல்லை கிடையாது. கூட்டமும் குறைவா இருக்கும். தனியாப் போறீங்கன்னா இன்னும் நல்லது. ஒரு சிற்பத்து முன்னாடி கால் மணி நேரம் நின்னாலும் "வா, அடுத்த கோயிலுக்கு நேரமாச்சு"ன்னு யாரும் இழுக்க மாட்டாங்க.

ஆனா எந்த மழைன்னு பார்த்துக்கணும். தூறல், விட்டு விட்டுப் பெய்ற மழை, இதெல்லாம் பரவாயில்ல. முந்தின நாள் வானிலை மையம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கையோ ரெட் எச்சரிக்கையோ கொடுத்திருந்தா போக வேணாம். ரெட்னா ஒரே நாள்ல 20 சென்டிமீட்டருக்கு மேல பெய்யலாம்னு அர்த்தம். போறதுகூட போயிடலாங்க, திரும்பி வர்ற வழியில தண்டவாளத்துல தண்ணி ஏறிடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க? 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பத்தி தாம்பரம்காரங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. இன்னொண்ணு, வடகிழக்குப் பருவமழையில கடலோரத்துல ராத்திரியும் விடியக்காலையிலயும்தான் பெரும்பாலும் வெளுத்து வாங்கும். தாம்பரத்துல அஞ்சு மணிக்குக் கொட்டுதேன்னு பையைக் கீழ வெச்சுடாதீங்க. காஞ்சிபுரம் உள்ளடங்கின ஊரு. அங்க நிலவரம் வேறயா இருக்கலாம். வானிலை மையத்தோட ரேடார் படத்தை ஒரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

ரயிலுக்கு வருவோம். சென்னைக் கடற்கரை ஸ்டேஷன்லேர்ந்து தாம்பரம் வழியா செங்கல்பட்டு போற வண்டிங்க நிறைய இருக்கு. அதுல சிலதுதான் காஞ்சிபுரம், திருமால்பூர், அரக்கோணம்னு மேல போகும். போர்டைப் பார்த்து ஏறுங்க. செங்கல்பட்டோட நிக்கிற வண்டியில ஏறிட்டா அங்க மாறணும், அடுத்த வண்டிக்கு எவ்வளவு நேரம் உட்காரணுமோ, அது உங்க ராசி. அதனால முதல் நாளே நேரத்தைப் பார்த்து, காலையில காஞ்சிபுரம் வரைக்கும் போற வண்டியையே பிடிங்க. செங்கல்பட்டு – அரக்கோணம் ஒத்தைப் பாதை. எதிர் வண்டிக்கு வழிவிட்டு ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷன்ல நிக்கும். பஸ்ல போனா நேரா போயிடலாம், உண்மைதான். ஆனா மழை நாள்ல நெடுஞ்சாலையில லாரிங்களுக்கு நடுவுல போறதுக்கு, ஜன்னலோரமா உட்கார்ந்து ஏரிங்களைப் பார்த்துக்கிட்டுப் போறது எவ்வளவோ மேல். செங்கல்பட்டு ஸ்டேஷனை ஒட்டியே கொளவாய் ஏரி. நவம்பர்ல நிறைஞ்சு கிடந்தா அந்தப் பக்க ஜன்னலை விட்டு எழுந்திருக்க மனசு வராது.

செங்கல்பட்டு தாண்டினா பாலூர், பழையசீவரம், வாலாஜாபாத்துன்னு பாலாத்தை ஒட்டியே பாதை போகுது. பழையசீவரத்துக்கு எதிர்க்கரைதான் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேர்ற இடம். அங்க இருக்கிற பெருமாள் கோயில்ல வீரராஜேந்திர சோழனோட 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. கோயிலைச் சேர்ந்த ஒரு ஆதுலர் சாலையைப் பத்திச் சொல்லுது. ஆதுலர் சாலைன்னா ஆஸ்பத்திரி. 15 படுக்கை, ஒரு வைத்தியர், அறுவை செய்றவர் ஒருத்தர், மருந்து மூலிகை கொண்டு வர்ற ஆளுங்க, நோயாளிங்களைப் பாத்துக்கிற பெண்கள், யாருக்கு எவ்வளவு நெல்லு சம்பளம், எந்தெந்த மருந்து இருப்பு வெச்சிருக்கணும்னு ஒண்ணு விடாம வெட்டி வெச்சிருக்காங்க. இந்தத் தடவை இறங்காதீங்க, ஒருநாள் பத்தாது. ஜன்னல் வழியா அந்தத் திசையைப் பார்த்து வெச்சுக்கிட்டாப் போதும்.

காஞ்சிபுரத்துல உங்களுக்கு மழையைவிடப் பெரிய எதிரி நடை சாத்தற நேரம். மத்தியானம் 12 மணி சுமாருக்கு மூடிடுவாங்க, மறுபடி திறக்க சாயங்காலம் 4 மணி ஆயிடும். ஆகமொத்தம் காலையில கிடைக்கிற ரெண்டு மூணு மணி நேரத்துலதான் உங்க நாளே இருக்கு. அஞ்சு கோயில், ஆறு கோயில்னு லிஸ்ட் போட்டா எதையும் பார்த்த மாதிரி இருக்காது. காமாட்சி அம்மனையும் வரதராஜரையும் விடணுமான்னு மனசு கேட்கும். சாமி கும்பிடன்னே இன்னொரு நாள் வீட்டாரோட வாங்க. இந்தத் தடவை காலையில ரெண்டே கோயில், வைகுண்டப் பெருமாள், கைலாசநாதர். ரெண்டும் 8ஆம் நூற்றாண்டு. எதை முதல்ல பார்க்கறதுங்கறதை மழை சொல்லட்டும்.

மழை பெய்யுதுன்னா வைகுண்டப் பெருமாள். ஸ்டேஷன்லேர்ந்து பக்கம், நடந்தே போயிடலாம். கல்வெட்டுல இதுக்குப் பேரு பரமேச்சுர விண்ணகரம், 108 திவ்யதேசத்துல ஒண்ணு. கட்டினது இரண்டாம் நந்திவர்மப் பல்லவன். நடுவுல விமானம், சுத்தி நாலு பக்கமும் சிங்கத்தூண் வெச்ச திருச்சுற்று மாளிகை. மேல கல் கூரை. அந்தச் சுவர் முழுக்க பல்லவ வம்சத்தோட கதையை மேல ஒரு வரிசை, கீழ ஒரு வரிசைன்னு செதுக்கி வெச்சிருக்காங்க. பிரம்மா, பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமன்னு புராணத்துல ஆரம்பிச்சு, அப்படியே நிஜ ராஜாங்களுக்கு வந்துடுது. பட்டாபிஷேகம், போர், யானை, குதிரை, தூது வந்தவங்க, கோயில் கட்டறது, எல்லாம் இருக்கு. வெளிய மழை பெய்ய, நீங்க நனையாம ஒரு முழுச் சுத்து சுத்தி ஒரு அரச வம்சத்தைப் படிச்சு முடிக்கலாம். தமிழ்நாட்டுல மழைக்கு இதைவிட நல்ல கோயிலை நான் பார்த்ததில்ல.

அதுல ஒரு கட்டத்துல மட்டும் நிதானமா நில்லுங்க. இரண்டாம் பரமேஸ்வரவர்மன் செத்துப்போறான். நாட்டை ஆள வாரிசு இல்ல. அமைச்சருங்க, ஊர்ப் பெரியவங்க, கடிகைங்கற வேதக் கல்விச்சாலையைச் சேர்ந்தவங்க எல்லாரும் கிளம்பிப் போய், பல்லவக் கிளைவழியில வந்த இரணியவர்மன்கிட்ட, உங்க பிள்ளைங்கள்ல ஒருத்தனைக் குடுங்கன்னு கேட்கறாங்க. மூத்த பிள்ளைங்க மாட்டோம்கிறாங்க. கடைசிப் பையன், 12 வயசு, நான் போறேன்னு முன்னாடி வர்றான். அப்பாவுக்கு அனுப்ப மனசில்ல, பெரியவங்க எடுத்துச் சொல்றாங்க. பையன் மலையும் ஆறும் காடும் தாண்டி காஞ்சிக்கு வர்றான், யானை மேல ஏத்தி அழைச்சுட்டுப் போறாங்க. அந்தப் பையன்தான் இந்தக் கோயிலைக் கட்டின நந்திவர்மன். இத்தனை விவரமும் அங்கயே கல்வெட்டுல இருக்கு. "எனக்கும் இந்த நாற்காலிக்கு உரிமை இருக்கு"ன்னு ஊரறியச் சொல்ல வேண்டிய அவசியம் அவனுக்கு இருந்திருக்குன்னுதான் எனக்குத் தோணுது. இல்லன்னா யாரு இவ்வளவு நீளமா வம்சக்கதை வெட்டுவாங்க?

இந்தச் சிற்பங்களை ஒவ்வொண்ணா அடையாளம் கண்டு, எது எந்த ராஜான்னு வரிசைப்படுத்தினது டாக்டர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்துல முனைவர் பட்டம் வாங்கின முதல் பெண். 1940ல, 34 வயசுலயே போயிட்டாங்க. அந்த ஆராய்ச்சி 1941லதான் தொல்லியல் துறை வெளியீடா வந்துச்சு. தனியா ஒரு பொண்ணு கோயில் சிற்பம் பார்க்கப் போறதாவதுன்னு வீட்ல யாராவது இழுத்தா, இவங்க பேரைச் சொல்லுங்க.

மழை விட்டுச்சா, உடனே ஆட்டோ பிடிச்சு கைலாசநாதர். ஊருக்கு மேற்கு ஓரத்துல இருக்கு. பல்லவ ராஜா ராஜசிம்மன் கட்டினது. அடித்தளம் கருங்கல்லு, மேல பூரா மணற்கல்லு. இது திறந்தவெளிக் கோயில். உள்சுவரை ஒட்டி 58 குட்டிக் குட்டி சன்னதிங்க, ஒவ்வொண்ணுலயும் குனிஞ்சு பார்க்கணும். சிலதுல பல்லவர் கால ஓவியம் திட்டுத் திட்டா மிஞ்சியிருக்கு. ஒரு முகம், ஒரு கிரீடம், கை ஒண்ணு, அவ்வளவுதான். பளீர்னு வெயில் அடிக்கிறப்போ வெளிய பார்த்த கண்ணுக்கு உள்ள ஒண்ணுமே தெரியாது, மேகமூட்டத்துல அந்தச் சிரமம் இல்ல. ஃபிளாஷ் மட்டும் போடாதீங்க. நனைஞ்ச மணற்கல்லு நிறம் மாறி நிக்கிறதைப் பார்க்கத்தான் நான் மழைக்காலத்துல போகச் சொல்றதே. சில சிற்பங்க மேல பிற்காலத்துல பூசின சுதை இருக்கும், அது வேற மாதிரி ஈரம் காட்டும். எது பல்லவர் கை, எது பின்னாடி வந்த பூச்சுன்னு உங்களாலயே பிரிச்சுப் பார்க்க முடியும்.

முன் மண்டபத் தூண்ல ஒரு கன்னடக் கல்வெட்டு இருக்கு, கேட்டா காட்டுவாங்க. சாளுக்கிய ராஜா இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடிச்சுட்டு, இந்தக் கோயில் செல்வத்தைப் பார்த்துட்டு, எடுத்துட்டுப் போகாம கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாச் சொல்லுது. சுத்து வழியில தவழ்ந்து நுழைய ஒரு சின்ன துவாரம் இருக்கு, மறுபிறப்புன்னு சொல்வாங்க. நனைஞ்ச துணியோட, தோள்ல பையோட அதுல புகுந்து மாட்டிக்காதீங்க. பையை வெளிய வெச்சுட்டுப் போங்க. பிராகாரத்துல பாசி வழுக்கும், நிதானமா நடங்க.

மத்தியானம் என்ன பண்றது? சாப்பிட்டுட்டு அண்ணா நினைவு இல்லத்துக்குப் போகலாம், அவர் வாழ்ந்த வீடு. நெசவுத் தெருவுங்க பக்கமும் போகலாம், ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. நமக்கு மழை அழகு, அவங்களுக்கு வேலை போச்சு. பாவு நூலை, அதாவது தறியில நெடுக்கா ஓடற நூலை, நீளமாத் தெருவுல இழுத்துக் கட்டித்தான் பதம் பண்ணணும், மழையில அது முடியாது. குழித்தறியில நெய்றவங்களுக்கு அந்தக் குழியிலேயே தண்ணி ஊறிடும். அந்த நேரத்துல வாசல்ல நின்னு, "தறி ஓட்டிக் காட்டுங்க, வீடியோ எடுக்கணும்"னு கேட்காதீங்க. கூட்டுறவுச் சங்கக் கடைக்குப் போய் கோர்வைப் புடவை எப்படி நெய்றாங்கன்னு கேளுங்க, பிரிச்சுப் போட்டே சொல்லுவாங்க. கரையும் உடலும் தனித்தனி ஊடைநூல்ல, அதாவது குறுக்கு நூல்ல, கோத்து வர்றதால தறியில ரெண்டு பேரு வேணும். விலைக்குக் காரணம் அங்க புரியும்.

4 மணிக்கு நடை திறந்ததும், வானம் ஒத்துழைச்சா ஏகாம்பரநாதர் கோயில். 1509ல கிருஷ்ணதேவராயர் கட்டின ராஜகோபுரம், உள்ள நீள நீளமான பிராகாரம், அதுவும் மழைக்கு நல்ல இடம். மூலவர் மண் லிங்கம், அதனால லிங்கத்துக்கு நீர் அபிஷேகம் கிடையாது, அடியில இருக்கிற பீடமான ஆவுடையாருக்குத்தான். வானம் கருத்துக்கிட்டு இருந்தா அதை விட்டுடுங்க. திரும்புற வண்டிதான் முக்கியம், கடைசி வண்டியை நம்பி உட்காராதீங்க. அதுக்கு முந்தின வண்டியைக் குறிவெச்சா, அது தப்பினாலும் ஒண்ணு கையில இருக்கும். பஸ்ஸும் இருக்கு, அது ரெண்டாவது காப்பு. இருட்டின பிறகு பெண்கள் பெட்டியில ஆள் இல்லன்னா பொதுப் பெட்டியில குடும்பங்க உட்கார்ந்திருக்கிற பக்கம் போய் உட்காருங்க. ஏதாவது ஒண்ணுன்னா ரயில்வே உதவிக்கு 139. டிக்கெட்டை மொபைல்லதான் எடுக்கறீங்கன்னா சார்ஜைப் பத்திரமா வெச்சுக்கோங்க, மழையில போன் நனைஞ்சு அணைஞ்சா டிக்கெட்டும் அதோட போச்சு. கவுண்டர்ல போக வர சேர்த்தே காகித டிக்கெட் வாங்கிடறது என் பழக்கம்.

குடையா, ரெயின்கோட்டான்னு கேட்டிருந்தீங்கல்ல. ரயிலுக்கும் தெருவுக்கும் குடை போதும், மடக்குக் குடையா இருக்கட்டும். வைகுண்டப் பெருமாள் திருச்சுற்று குறுகலா இருக்கும். குடைக்கம்பி மணற்கல்லுல உரசினாலே உதிரும். ஒரு பிளாஸ்டிக் பையில சுத்திப் பைக்குள்ள போட்டுட்டு உள்ள போங்க. மாத்துத் துணி ஒண்ணு, சின்னத் துண்டு ஒண்ணு, அவ்வளவுதான் சுமை. அடுத்த கேள்வி மகேந்திரவாடியைப் பத்தி, அதுக்கு வருவோம்.